அம்மா எண்ணிய கார்கள்

16 மார்ச் 2025, ஞாயிறு, ஷாஃப்ஹவுசன், சுவிஸ்

நேற்று ஒரு பிழை விட்டேன். செப்ரிங் பன்னிரண்டு மணி நேரக் கார் ஓட்டம் எங்கள் நேரப்படி 16.10க்குத் தொடங்கும் என்று திட்டத்தாளில் எழுதியிருந்தேன். அது 15.10க்கே தொடங்கிவிட்டது. ஃப்ளோரிடாவுக்கும் எங்களுக்கும் ஆறு மணி வித்தியாசம் என்பது தெரியும். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறே கடிகாரத்தை முன்னே தள்ளிவிடும், நாங்கள் மாதக் கடைசியில்தான் தள்ளுவோம் என்பது தெரியாது. இடைப்பட்ட மூன்று கிழமையும் வித்தியாசம் ஐந்து மணிதான்.

இன்று காலை அம்மாவின் பழைய கொப்பிகளைப் புரட்டினேன். மார்ச் பக்கங்களின் மேல் மூலையில் ஒரு 5 வட்டமிட்டு இருக்கிறது. அது அம்மாவுக்குப் பிடித்த காரின் எண் என்று நினைத்து, என் ஆய்வின் நாலாம் பக்கத்தில் ஒரு வசனமாகவும் எழுதியிருந்தேன். அது மணி வித்தியாசம். அந்த வசனத்தை அடித்துவிட்டேன். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கக்கூடிய காலத்தில் கேட்கவில்லை.

ஒழுங்காக எழுத வேண்டும். எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதுகிறேன்.

நான் பகலில் ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை செய்கிறேன். செவ்வாயும் வியாழனும் மாலை வகுப்பில் மத்துரா என்னும் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறேன். அது கிடைத்தால்தான் மேலே படிக்கலாம். ஜூன் மாதம் இருபது பக்க ஆய்வு ஒன்று கொடுக்க வேண்டும். நான் எடுத்த தலைப்பு அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் நீள் ஓட்டங்களின் வரலாறு. ஆசிரியர் தலைப்பை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார், திரும்பவும் தாளைப் பார்த்தார். கார் ஓட்டத் தெரியுமா என்று கேட்டார். இல்லை என்றேன்.

தலைப்பு அம்மாவுடையது. அம்மாவின் பெயர் மனோகரி. தொண்ணூறுகளில் மட்டக்களப்பிலிருந்து அகதியாக வந்தவர். இந்த ஊர் முதியோர் இல்லம் ஒன்றில் பதினெட்டு வருடம் இரவு வேலை செய்தார். ஒரு ஜனவரியில் எல்லோரும் படுத்த பிறகு பொது அறை ரிவியை அணைக்கப் போனாராம். இங்கே சன்னலுக்கு வெளியே இருட்டும் பனியும். ரிவியில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. டேடோனா இருபத்துநாலு மணி நேர ஓட்டத்தை ஒரு ஜெர்மன் சனல் காட்டிக்கொண்டிருந்தது. அம்மா அணைக்கவில்லை. அறைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வரும் ஒவ்வொரு முறையும் கார்கள் ஓடிக்கொண்டே இருந்தன. காலையில் வேலை முடிந்து சப்பாத்து மாற்றும்போதும் முடியவில்லை.

"என்ர ஷிஃப்டைவிட நீட்டு" என்று வீட்டில் வந்து சொன்னாராம். அப்போது எனக்கு ஏழு வயது.

அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் ஜனவரியில் டேடோனா, மார்ச்சில் செப்ரிங். அரை மணிக்கு ஒருமுறை எந்தக் கார் எந்த இடத்தில் என்று கட்டக் கொப்பியில் குறித்து வைப்பார். 2008 முதல் 2024 வரை பதினாறு கொப்பிகள். 2019 இல்லை. அந்த வருடம் ஜனவரியில் அப்பா இறந்தார். அமெரிக்காவிலும் அப்படி ஒரு வெற்று வருடம் இருக்கிறது: 1974. எண்ணெய்த் தட்டுப்பாட்டால் டேடோனாவும் ஓடவில்லை, செப்ரிங்கும் ஓடவில்லை.

கார் ஓட்டத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒருத்தனால ஓடி முடியாது மகள். மாறி மாறித்தான் ஓடோணும். இறங்கிறவன் ஓடிப்போய்த் தண்ணி குடிக்கிறேல்ல. முதல்ல ஏறுறவனுக்குப் பெல்டைக் கட்டிவிடுவான். பிறகுதான் போவான். பார்த்தனியோ நீ?"

நான் பார்க்கவில்லை. பிறகு பார்த்தேன். உண்மைதான்.

ஜனவரி பதினோராம் திகதி அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. கையும் காலும் பெரும்பாலும் திரும்பிவிட்டன. பேச்சு திரும்பவில்லை. பெப்ரவரி தொடக்கத்திலிருந்து ரெஹாவில் இருக்கிறார். நோயிலிருந்து எழுந்தவர்களைப் பழக்கும் கிளினிக்கை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். நாளை திங்கள் 10.15க்கு அங்கே கூட்டம். பேச்சில் முன்னேற்றம் இருந்தால் காப்புறுதி நிறுவனத்திடம் இன்னும் நாலு கிழமை கேட்பார்கள், அதன் பிறகு வீடு. இல்லாவிட்டால் இந்த மாதக் கடைசியில் முதியோர் இல்லம். டொக்டர் போனமுறை தெளிவாகச் சொன்னார்: பகலில் வீட்டில் தனியே இருப்பவர் விழுந்தால், தொலைபேசியில் ஒரு சொல்லாவது சொல்லத் தெரிய வேண்டும்.

இடம் தயாராக இருக்கிறது. அம்மா வேலை செய்த அதே இல்லம். இரண்டாம் மாடி, ஆற்றுப் பக்கம். எல்லோருக்கும் அம்மாவைத் தெரியும். அதனால்தான் அது வேண்டாம் என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. ஆனால் அம்மாவுக்கு ஐம்பத்துநாலு வயது.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. வாசல் கதவுக்கு உள்ளே ஜெர்மன் இல்லை. நானோ அண்ணாவோ மறந்து ஜெர்மனில் ஏதாவது கேட்டால் அம்மா, "எனக்கு விளங்கேல்ல" என்பார். நன்றாக விளங்கும். இல்லத்திலிருந்து யாராவது போன் எடுத்தால், ஜனவரிக் குளிரிலும் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு பல்கனிக்குப் போய், கதவைச் சாத்திவிட்டுத்தான் ஜெர்மனில் கதைப்பார். சட்டம் அவருக்கும் சேர்த்துத்தான்.

அதனால் ரெஹாவில் தந்த தாளில் "தாய்மொழியில் பேசிப் பழகுங்கள்" என்று வாசித்தபோது எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. நூற்றிருபது தமிழ் அட்டைகள் செய்தேன். ஒரு பக்கம் படம், மறுபக்கம் சொல். குடை, கிண்ணம், தேங்காய், சாவி. பெப்ரவரி மூன்றிலிருந்து, வகுப்பில்லாத ஒவ்வொரு மாலையும் இருபது அட்டை. அம்மா சரியாகச் சொன்னவை மொத்தம் ஒன்பது. சில நாளில் படத்தைப் பார்த்து "அது... அது..." என்றுவிட்டு என் கையைத் தட்டிக்கொடுப்பார். பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் ஃப்ரா ஷ்டாம் என்னும் பெண். அவர் ஜெர்மனில் முப்பது படங்கள் காட்டினார். அம்மா மூன்று சொன்னார்.

இனி நேற்று.

மூன்றரைக்கு ரெஹா போனேன். மூலை மேசையில் மடிக்கணினியை வைத்தேன். அம்மாவின் கொப்பி போலவே ஒரு கட்டத்தாளும் தயாராக இருந்தது. செப்ரிங்கின் தொடக்க காலத்தில் சுற்றுகளைக் கையால்தான் எண்ணினார்கள். ஓட்டுநர்களின் மனைவிமாரும் நண்பர்களும் நிறுத்தற் கடிகாரங்களோடு சுவரோரம் உட்கார்ந்து, கடந்து போகும் ஒவ்வொரு காரின் எண்ணையும் பன்னிரண்டு மணி நேரம் எழுதினார்கள். அதைப் பற்றி ஓர் அதிகாரம் எழுதுகிறேன். அம்மாவோடு சேர்ந்து ஒரு மணி நேரம் செய்து பார்ப்போம் என்று நினைத்தேன். திரையில் எந்தக் கார் தெளிவாகத் தெரிகிறதோ அதன் எண்ணைச் சொல்லி எழுதுவது. விதி அவ்வளவுதான்.

தொடங்க நேரம் இருக்கிறது என்று நினைத்து, எழுதிய பக்கத்தை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். செப்ரிங் முதலில் போர்க்கால விமானத்தளம். ஓடுபாதையின் கொங்கிரீட் மேல் கார் ஓட விட்டார்கள். 1950இன் கடைசி நாளில் நடந்த முதல் ஓட்டம் ஆறு மணி நேரம்தான். அதில் வென்றது ஒரு குட்டிக் கார். பெரிய கார்கள் அதைவிடக் கூடத் தூரம் போயின. ஆனால் அன்றைய கணக்கு வேறு: எவ்வளவு தூரம் போனாய் என்பதல்ல, உன் அளவு எஞ்சினிடம் எதிர்பார்த்ததைவிட எவ்வளவு கூடப் போனாய் என்பது. அம்மா கேட்டுக்கொண்டு இருந்தார். எவ்வளவு விளங்கியது என்று தெரியவில்லை.

16.10க்குத் திறந்தால் திரையின் மூலையில் இன்னும் பதினொரு மணி நேரம் என்று இருந்தது. "அம்மா, ஒரு மணித்தியாலம் போயிட்டுது. நான்தான் பிழையாப் போட்டிட்டன்" என்றேன். அம்மா திரையையே பார்த்தார்.

எண்களை நான் தமிழில் சொல்லத் தொடங்கினேன். "முப்பத்தொண்டு. ஏழு. அறுபது. இப்ப நீங்க சொல்லுங்கோ." அம்மா சொல்லவில்லை. ஒரு கார் கடந்தது, இன்னொன்று கடந்தது. "இது என்ன அம்மா? இருபத்..." என்று பாதியில் நிறுத்திக் காத்திருந்தேன். சின்னப் பிள்ளைக்குப் பாடம் சொல்வது போல. அம்மா முகத்தைத் திருப்பிச் சன்னலைப் பார்த்தார். இருபது நிமிடம் இப்படிப் போனது. என் தாளில் எல்லா எண்ணும் நானே சொன்னவை.

அப்போது காலில் கட்டுப் போட்ட ஒரு சுவிஸ்காரர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்தார். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் ஜெர்மனில், "இப்போது போனது எது?" என்று கேட்டார். அம்மாவால் பேச முடியாது என்பது அவருக்குத் தெரியாது.

"ஐனுண்ட்டிரைசிக்" என்றார் அம்மா.

முப்பத்தொன்று. சரி.

அந்த மனிதர் தலையாட்டினார். அடுத்த கார் வந்தது. "சீபன்" என்றார் அம்மா, அவரிடமே. ஏழு. அதுவும் சரி.

நான் என்ன செய்தேன் என்பதையும் எழுத வேண்டும். அம்மாவின் கையைப் பிடித்து, "அம்மா, சொன்னீங்கள், திருப்பிச் சொல்லுங்கோ, ஏழு, ஏழு" என்றேன். தமிழில். அம்மா வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை, மூடிக்கொண்டார். இன்னும் பத்து நிமிடம் என்னால் போனது. சுவிஸ்காரரைப் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

நாங்கள் இருவரும்தான். எனக்கு வாய் கூசியது. என் இருபத்துநாலு வருடத்தில் அம்மாவிடம் வேண்டுமென்றே ஜெர்மனில் எதுவும் கேட்டதில்லை. மெதுவாக, "உண்ட் யெட்ஸ்ட்?" என்றேன். இப்போது எது என்று.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். வீட்டில் சட்டத்தை மீறினால் பார்க்கும் அதே பார்வை. பிறகு திரையைப் பார்த்து, "செக்ட்சிக்" என்றார். அறுபது.

ஐந்து மணியிலிருந்து ஐந்தரை வரை நாற்பது கார்கள். சரி இருபத்தாறு, பிழை ஒன்பது, மௌனம் ஐந்து. இரண்டு இடத்தில் என் எழுத்தே தெளிவாக இல்லை. அவற்றைப் பிழையில் சேர்த்தேன். எண்ணுவது வெறும் பழக்கமாகவும் இருக்கலாம், மற்றச் சொற்கள் போனாலும் எண்கள் சிலருக்கு மிஞ்சும் என்று வாசித்திருக்கிறேன். அதனால் அதிகம் சந்தோஷப்படக் கூடாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அதன் பிறகு ஒரு கார் நிறுத்தத்துக்குள் வந்தது. சக்கரம் மாற்றினார்கள். ஓட்டுநர் இறங்கி, மற்றவர் ஏறினார். இறங்கியவர் உள்ளே குனிந்து அவருக்குப் பெல்ட் கட்டினார். நான் எதுவும் கேட்கவில்லை. அம்மா விரலைத் திரையில் வைத்து, "ஊபர்காபே" என்றார்.

ஒரு ஷிஃப்ட் முடிந்து அடுத்தவரிடம் பொறுப்பைக் கொடுக்கும்போது இல்லங்களில் சொல்லும் சொல் அது. இன்னார் நன்றாக உறங்கினார், இன்னாருக்குக் காய்ச்சல், இனி உங்கள் கையில். அம்மா பதினெட்டு வருடம் ஒவ்வொரு காலையும் செய்த வேலை. அது எண் அல்ல. அதை எந்த அட்டையிலும் நான் எழுதவில்லை, ஃப்ரா ஷ்டாமும் காட்டவில்லை. அவர் அம்மாவிடம் சட்டியையும் குடையையும் ஜெர்மனில் கேட்டார். அம்மா வாழ்க்கையில் சட்டியைப் பற்றி ஜெர்மனில் யாரோடும் கதைத்திருக்க மாட்டார். நான் எல்லாவற்றையும் தமிழில் கேட்டேன்; வேலைச் சொற்களை ஜெர்மனில் யாருமே கேட்கவில்லை.

அண்ணா ஐந்தே முக்காலுக்கு வில் நகரத்திலிருந்து வந்தான். பெயர் அனோஜன், அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை, ஒன்றரை வயதில் மகள். சனிக்கிழமைகளில் அண்ணி அவித்த புட்டும் மீன்குழம்பும் கொண்டு வருவான்.

"என்ன, ரெண்டு பேரும் கள்ளமா ஜெர்மன் கதைக்கிறியளாம்? வாசல்ல ஒரு ஆள் சொல்லுறார், உங்கட அம்மாவுக்குக் கார் நல்லாத் தெரியுது எண்டு."

நான் தாளைக் காட்டினேன். அவன் எண்ணிக்கையைப் பார்த்தான்.

"அம்மாவுக்கும் சோதனை வச்சு மார்க் போட்டிருக்கிறாய். இருபத்தாறு சரி. என்ர கணக்கைவிட நல்ல மார்க்."

"பகிடி விடாத, அண்ணா. ஊபர்காபே எண்டு தானாச் சொன்னவ."

"ஹரிஷா, நீ கேட்க விரும்பினதுதான் உன்ர காதில விழுந்திருக்கும்."

"நீயே கேட்டுப் பாரன்."

அவன் அம்மாவின் முன் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தான். "அம்மா, பசிக்குதோ?" என்றான். அம்மா அவன் கன்னத்தைத் தொட்டார். சொல் இல்லை.

"ஜெர்மன்ல கேள்."

"ஏலாது."

"ஏன்?"

"என்ர அம்மாவோட நான் ஜெர்மன்ல கதைக்கிறதோ? வாய் வருகுதில்ல, ஹரி." சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைத் திறந்தான், மூடினான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, தொழிற்சாலையில் கதைக்கும் சுவிஸ் ஜெர்மனில், பசிக்கிறதா அம்மா என்று கேட்டான்.

அம்மா நிமிர்ந்தார். கையை நீட்டிக் கண்ணாடிக் கதவைக் காட்டினார். ரெஹாவின் பல்கனிக் கதவு. ஜெர்மன் கதைப்பதென்றால் வெளியே போ.

அண்ணா சிரிக்கத் தொடங்கினான். நிறுத்த முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பாக இருக்கவில்லை. அம்மா அவன் தலையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, மற்றக் கையால் புட்டை எடுத்தார்.

17 மார்ச், திங்கள்

காலை எட்டு மணிக்கு ஃப்ரா ஷ்டாமுக்குப் போன் எடுத்தேன். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி வைத்து வாசித்தேன். இல்லாவிட்டால் மன்னிப்புக் கேட்பதோடு முடித்திருப்பேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். "நான் அவரிடம் சமையலறையைக் கேட்டுக்கொண்டிருந்தேன்" என்றார். ஒன்பது மணிக்கு அம்மாவை வரச் சொல்கிறேன் என்றார்.

கூட்டத்தில் டொக்டர், ஃப்ரா ஷ்டாம், சமூக சேவையிலிருந்து ஒருவர், அண்ணா, நான், அம்மா. ஃப்ரா ஷ்டாம் புதிய தாளை மேசையில் வைத்தார். காலையில் இல்லத்து வேலைப் பொருட்களின் படங்களை ஜெர்மனில் கேட்டிருக்கிறார்: காய்ச்சல்மானி, இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டி, அழைப்பு மணி, கையுறை. பதினாலில் பதினொன்று.

டொக்டர் தாளை வாசித்தார். கெட்ட மனிதர் அல்ல. "வேலைச் சொற்கள் மட்டும்தானா?" என்றார். "வீட்டில் விழுந்தால் காய்ச்சல்மானி என்று சொல்லி என்ன பயன்?"

என் தாளைக் காட்டலாமா என்று நினைத்தேன். அதில் ஒரு மணி நேரம் குறைகிறது, இரண்டு எண் தெளிவில்லை. மடித்தே வைத்திருந்தேன். அண்ணா கதைத்தான். அவன் இல்லத்தின் பக்கம்தான் கதைப்பான் என்று பயந்திருந்தேன்; ஒரு மாதமாக அதைத்தான் சொல்லி வந்தான்.

"என் அம்மா எங்களை ஜெர்மன் கதைக்க விட்டதில்லை" என்றான். "அதனால் இரண்டு மாதம் நாங்களும் கதைக்கவில்லை. பயிற்சி இரண்டு நாளுக்கு முன்தான் தொடங்கியது என்று வையுங்கள்."

டொக்டர் சிரிக்கவில்லை. ஃப்ரா ஷ்டாம் எழுந்து, ஒன்று செய்து பார்க்கலாமா என்று கேட்டுவிட்டு வெளியே போனார். சுவரோரம் இருந்த தொலைபேசி அடித்தது. யாரும் அசையவில்லை. மூன்றாவது தடவை அடித்தபோது அம்மா எழுந்து போய் எடுத்தார்.

"நாஹ்ட்வாஹே, மனோகரி" என்றார்.

இரவுப் பணியாளர் மனோகரி. அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. நல்ல உறுதியான, கொஞ்சம் அவசரமான குரல். நான் உறங்கிக்கொண்டிருந்த இரவுகளில் யாரோ கேட்ட குரல்.

மறுமுனையில் ஃப்ரா ஷ்டாம், என்ன நடந்தது என்று கேட்டிருக்க வேண்டும். அம்மா காத்திருந்தார். உதடு அசைந்தது. கண் என்னைத் தேடியது. நான் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அம்மா "அது... அது..." என்றார், தமிழில். பிறகு தொலைபேசியை மெல்ல வைத்துவிட்டார்.

டொக்டர் பேனாவை எடுத்தார். இது உதவி கேட்கப் போதாது என்றார். ஆனால் பிடித்து ஏற ஓர் இடம் இருக்கிறது, நாலு கிழமை கேட்கிறேன் என்றார். காப்புறுதிதான் முடிவு சொல்ல வேண்டும். இல்லத்து இடத்தை இதற்கு மேல் பிடித்து வைக்க முடியாது என்று சமூக சேவைக்காரர் சொன்னார். வேண்டுமா வேண்டாமா என்று இன்றே சொல்ல வேண்டும்.

நானும் அண்ணாவும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவன் அம்மாவிடம் குனிந்து, நாலு பேருக்கு முன்னால், ஜெர்மனில் கேட்டான்: "இல்லமா? வீடா?"

"வீடு" என்றார் அம்மா. தமிழில்.

அவர் தேர்ந்து சொன்னாரா, கடைசியாகக் கேட்ட சொல்லைத் தமிழுக்கு மாற்றிச் சொன்னாரா என்று எனக்கு நிச்சயமில்லை. அண்ணாவுக்குச் சந்தேகமே இல்லை. இடம் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டோம்.

18 மார்ச், செவ்வாய்

காப்புறுதியிடமிருந்து பதில் இல்லை.

மாலை வகுப்பில் ஆய்வைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டியிருந்தது. டேடோனாவின் 1962 ஓட்டத்தைச் சொன்னேன். அப்போது மூன்று மணி நேரம்தான். இருபத்துநாலு மணி 1966இல் வந்தது. அந்த 1962 ஓட்டத்தில் முன்னுக்குப் போய்க்கொண்டிருந்த காரின் எஞ்சின் கடைசியில் செத்துவிட்டது. ஓட்டுநர் அதை முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்னால், பாதையின் மேட்டுப் பக்கம் நிறுத்தினார். நேரம் முடியும்வரை காத்திருந்தார். முடிந்ததும் சரிவில் உருளவிட்டுக் கோட்டைக் கடந்தார். வென்றார்.

அது ஏமாற்று இல்லையா என்று ஒருவர் கேட்டார். அன்றைய விதிப்படி செல்லும் என்றேன். சர்க்யூட் ஓட்டத்தையே நீண்ட காலம் தடைசெய்திருந்த நாட்டில் இருந்துகொண்டு இதை ஏன் எழுதுகிறாய் என்று ஆசிரியர் கேட்டார். தயாரித்து வைத்திருந்த பதிலைச் சொல்லாமல், என் அம்மா பதினாறு கொப்பி எழுதி வைத்திருக்கிறார் என்றேன். அவற்றைப் பார்க்கலாமா என்று கேட்டார். அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

19 மார்ச், புதன்

மதியம் ரெஹாவிலிருந்து அழைத்தார்கள். மார்ச் இருபத்தெட்டுக்குப் பிறகு நாலு கிழமை இல்லை, மூன்று. ஏப்ரல் பதினெட்டு வரை. அதற்குள் அம்மா தொலைபேசியில் உதவி கேட்கப் பழகினால் வீடு. இல்லாவிட்டால் எந்த இல்லத்தில் இடம் இருக்கிறதோ அங்கே. ஆற்றுப் பக்க அறையை நேற்றே வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

பல் வைத்தியரின் சேமிப்பறைக்குள் நின்று அண்ணாவுக்குப் போன் எடுத்தேன். அவன் பின்னால் இயந்திரச் சத்தம்.

"மூண்டு காணுமோ, அண்ணா?"

"எனக்கென்ன தெரியும்."

"நல்ல இடத்தைக் கையால தள்ளிவிட்டிட்டமோ எண்டு யோசிக்கிறன். எங்கட சந்தோஷத்துக்காக."

"யோசி. ஆனா தனிய யோசிக்காத. பிழையெண்டா ரெண்டு பேரும்தான் பிழை." யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். "கேள், வெள்ளி பின்னேர ஷிஃப்டைக் குடுத்திட்டன். செவ்வாயும் வெள்ளியும் நான் வாறன். நீ மற்ற நாள். சமையல் சாமான் எல்லாம் தமிழ்ல நான் பார்க்கிறன். நீ உன்ர ஜெர்மனைப் பார். சரியோ?"

"ஓம்."

"அட்டை ஒண்டும் செய்யாத. அம்மாவுக்கு உன்ர அட்டை பிடிக்கேல்ல. முகத்தில தெரியுது."

பிறகு வேலை முடிந்து ரெஹாவுக்குப் போனேன். அம்மாவிடம் மூன்று கிழமை என்பதை இரண்டு மொழியிலும் சொன்னேன். இரண்டும் விளங்கியது போலிருந்தது. கலண்டரில் ஏப்ரல் பதினெட்டைக் காட்டினேன். அம்மா என் பேனாவை வாங்கி, இடக்கையால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். கோணலான வட்டம், பக்கத்து நாளையும் கொஞ்சம் பிடித்தது. பசிக்கிறதா என்று கேட்டேன். எந்த மொழியில் கேட்டேன் என்று இப்போது நினைவில்லை. தலையாட்டினார்.

நாளை, வியாழன்: காலையிலேயே ஆசிரியருக்கு எழுதி, ஏப்ரல் பதினெட்டு வரை வியாழன் வகுப்புக்கு வர முடியாது என்று சொல்வது. 17.20 பஸ். அம்மாவின் அறைத் தொலைபேசிக்கு வெளியிலிருந்து என் போனால் அழைப்பது, ஜெர்மனில்: பெயர், முகவரி, "விழுந்துவிட்டேன்". பத்துத் தடவை. களைத்தால் ஆறு.